கைப்பிடிச் சுவர்



மோயீசன் வழியாகச் சர்வேசுரன் தம் மக்களுக்குக் கொடுத்த கட்டளைகளுள் ஒன்றை நாம் அதிகம் தியானிப்பதில்லை. உபாகமத்தில், அதாவது இன்று இணைச்சட்டம் என்று நாம் வாசிக்கும் நூலில், 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தில் அது இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாரேனும் விழுந்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து.

கவனியுங்கள். அங்கே தள்ளிவிட்டவன் ஒருவனும் இல்லை. சுவர் எழுப்பாமல் விட்டவனே குற்றவாளி. பூசையின் தொடக்கத்தில் பாவங்களை அறிக்கையிடும்போது, கடமையில் தவறியதையும் சேர்த்தே சொல்லி மார்பில் தட்டிக்கொள்கிறோம் அன்றோ?

முன்பு நான் இருந்த பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்தவர், விளக்கைப் போட்டால் பேரப்பிள்ளை விழித்துக்கொள்வான் என்று இருட்டிலே சுவரைத் தடவிக்கொண்டு போனார். குளியலறை வாசற்படி உயரமானது. உள்ளே தரையில் சோப்புத் தண்ணீர். கால் வழுக்கியதும் துண்டு போடும் கம்பியைப் பிடித்தார். அது ஆணியோடு பெயர்ந்து வந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. விடியற்காலை மருமகள் வரும்வரை அவர் கூப்பிடவே இல்லை. "எல்லாரும் அசந்து தூங்குறாங்க, எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன் சாமி" என்றார் என்னிடம். மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, அவஸ்தைப்பூசுதல் பெற்று இறந்தார்.

மகன் கெட்டவன் அல்ல. தாயின்மேல் உயிரையே வைத்திருந்தான். நானோ மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனவன். அதே வாசற்படியில் என் காலும் ஒருமுறை இடறியது. இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

இது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து மடிகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டு அறிவித்தது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

"அம்மா ஒன்றும் கேட்கவில்லையே" என்பீர்கள். கேட்க மாட்டார்கள். நம்மைத் தூக்கி வளர்த்தவர்களுக்கு, "எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும்" என்று சொல்ல நாக்கு கூசும். ஆகையால் கேட்கும்வரை காத்திராதேயுங்கள்.

இன்று இரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பெரியவரின் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை, அவர் நடக்கும் அதே மங்கல் வெளிச்சத்தில், நீங்களும் மெதுவாக நடந்து பாருங்கள். வழியில் கிடக்கும் சாக்கு மிதியடி, மின்விசிறியின் ஒயர், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் அப்போது கண்ணில் படும். அவற்றை அகற்றுங்கள். வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு இரவெல்லாம் எரியட்டும். குளியலறைத் தரையைப் பாசி போகத் தேய்த்து, ஈரம் நில்லாமல் பாருங்கள். கழிப்பறைச் சுவரில் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் உறுதியான குழாய் ஒன்றைக் கொத்தனாரைக் கொண்டு செங்கல்லில் பதியுங்கள். துண்டுக் கம்பி ஆளைத் தாங்காது. உள்தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும். தேய்ந்து வழுவழுத்த செருப்பை மாற்றுங்கள். கண்ணில் புரை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தக் கொதிப்புக்கும் தூக்கத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகள் சிலருக்குத் தலைசுற்றல் தரும், அதையும் கேட்டறியுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது, கால்களைத் தொங்கவிட்டுச் சற்று உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள்.

ஆனால் விழுந்துவிடுவார் என்று பயந்து அவரை ஒரு மூலையில் உட்கார்த்தி வைக்காதேயுங்கள். நடவாத கால் பலம் குன்றி, இன்னும் எளிதாக விழும். அவர் தாமாக நடப்பதற்கே அந்தக் கைப்பிடி.

செலவுக்கு வழியில்லாதவர்களும், பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கத் தனியே வாழும் பெரியோரும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். கைவேலை தெரிந்த வாலிபர்களே, ஒரு ஞாயிறு பிற்பகலை அவர்களுக்குக் கொடுங்கள்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ம் ஆண்டு, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமென்று ஜூலை மாதத்து நான்காம் ஞாயிற்றை ஏற்படுத்தினார். தேவமாதாவின் பெற்றோரான அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் திருநாளை ஒட்டி அது வருகிறது. அன்று மாலை போட்டு மரியாதை செய்வது நல்லதே. ஆனால் நான்காம் கற்பனையைச் சுத்தியலாலும் ஆணியாலும் அனுசரிக்க ஜூலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. தச்சரான அர்ச். சூசையப்பர் தம் கைவேலையால் திருக்குடும்பத்தைக் காப்பாற்றினார். அவரை மன்றாடிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரவில் விழித்தெழும் உங்கள் தாய் தந்தையரின் கை பற்றிக்கொள்ள ஒரு பிடி இருப்பதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு