நட்சத்திர வம்சம்

புதிதாக ஒருவரைச் சந்தித்தால், "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பது நம் வழக்கம். அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் விடை கிடைத்தவுடன் சில வேளைகளில் நம் மனம் தராசைத் தூக்கிவிடுகிறது. இன்ன குடும்பம் என்றால் ஓர் எடை. இன்ன குடும்பம் என்றால் வேறோர் எடை. ஆளை இன்னும் அறியவில்லை. மதிப்பு மட்டும் போட்டு முடித்துவிட்டோம்!

பிறப்பிடம் மதிப்பைத் தருமா? இந்தப் பழைய கேள்வியை விண்ணில் வைத்துச் சிந்திக்க இன்று வழி பிறந்திருக்கிறது. மனித உடலிலுள்ள பொருள்களில் பெரும்பாலானவை நட்சத்திரங்களில் உண்டானவை என்று விஞ்ஞானிகள் நிறுவியிருக்கிறார்கள். இதைக் கேட்டு, "நாம் நட்சத்திர வம்சம், ஆகவே உயர்ந்தவர்கள்" என்று பூரிப்போர் உண்டு. "மனிதன் வெறும் சாம்பல்தானே" என்று இகழ்வோரும் உண்டு. இரு சாராரும் செய்வது ஒன்றே. ஊரைக் கேட்டு ஆளை மதிப்பிடுகிறார்கள்.

முதலில் அந்த வம்ச வரலாற்றைப் பார்ப்போம். பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் முதற்சில நிமிடங்களில் உண்டான மூலகங்கள் ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சிறிதளவு லித்தியம் ஆகியவையே. கரி இல்லை, பிராணவாயு இல்லை, இரும்பும் பொன்னும் இல்லை. பின்னர் வாயுத் திரள்கள் சுருங்கி நட்சத்திரங்கள் ஆயின. அவற்றின் நடுவிலுள்ள கடும் வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. மூன்று ஹீலியக் கருக்கள் சேர்ந்தால் கரி. அதனுடன் இன்னொன்று சேர்ந்தால் பிராணவாயு.

இது வெறும் ஊகமன்று. 1952-ல் பால் மெரில் என்ற வானியல் அறிஞர் சில சிவந்த நட்சத்திரங்களின் ஒளியில் டெக்னீசியம் என்னும் மூலகத்தின் அடையாளத்தைக் கண்டார். அது நிலைத்து நில்லாத மூலகம். நட்சத்திரத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் மிக விரைவில் அழிந்துபோவது. பழைய நட்சத்திரத்தில் அது இன்னும் இருக்கிறதென்றால், அங்கேயே அண்மையில் உண்டாகியிருக்க வேண்டும் அல்லவா? 1957-ல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹொய்ல் ஆகிய நால்வரும் எந்த மூலகம் எவ்வழியில் உண்டாகிறது என்பதை ஒரு நீண்ட கட்டுரையில் வகுத்துரைத்தனர்.

பெரிய நட்சத்திரத்தின் நடுப்பகுதி இரும்பாகும் வரைதான் இந்த உலை எரியும். இரும்பை இணைத்தால் சக்தி வரவில்லை, செலவே மிஞ்சுகிறது. தாங்குவாரற்ற அந்த நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழ, மேற்பகுதி வெடித்துச் சிதறுகிறது. 1987-ல் தென்திசை வானத்தில் அத்தகைய வெடிப்பு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சிதறிய பொருளில் கோபால்ட் இரும்பாக மாறிக்கொண்டிருந்ததைக் கருவிகள் காட்டின. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் இரும்பும் வெடித்துச் சிதறிய பழைய நட்சத்திரங்களிலிருந்து வந்ததே. வளர்ந்த ஒருவரின் உடலில் அது சுமார் 4 கிராம்தான். அதுவும் இல்லையேல் மூச்சு வாங்கிப் பயனில்லை.

பொன்னின் பிறப்போ இன்னும் அபூர்வம். 2017 ஆகஸ்டு 17-ல், சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய செய்தி பூமியை எட்டியது. பொன் போன்ற கனத்த மூலகங்கள் அத்தகைய மோதலில் உண்டாகின்றன என்பதற்கு அந்த ஒளியிலே சான்று கிடைத்தது. இவ்வளவு பெருமையுள்ள பொன்னுக்கு உடன்பிறந்தது எது தெரியுமா? அணுகுண்டுக்கு ஆகும் யுரேனியம்!

நமக்குப் பழகிய இன்னொரு சோடியைச் சொல்லலாம். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி உலகெங்கும் அனுப்பினார்களே, அந்த ஈயம், மற்றது காரீயம். முதிர்ந்த நட்சத்திரங்களில் இரும்புக் கரு நியூட்ரான்களை ஒவ்வொன்றாக ஏற்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கனக்கிறது. அந்த நெடும் பாதையின் நடுவிலே ஈயம், முடிவிலே காரீயம். இரண்டிலும் பெரும்பகுதி இவ்வழியில் வந்ததுதான். அந்த ஈயத்தைச் செம்புத் தேக்சாவின் உட்புறம் பூசுகிறோம். உணவில் களிம்பு ஏறாமல் அது காக்கிறது. காரீயமோ உடலில் ஏறினால் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். 1920-களில் அதைப் பெட்ரோலில் கலக்கத் தொடங்கினார்கள். கார்களுக்கு அப்படி விற்பது உலகில் முற்றிலும் நின்றது 2021-ல்தான்.

ஒரே உலை, ஒரே பாதை. ஒன்று காக்கிறது, ஒன்று கெடுக்கிறது. பிறப்பிடமே மதிப்பைத் தருவதாயின் இது எப்படி நேரும்? அதுமட்டுமா! அதே காரீயம் எக்ஸ்-ரே அறையில் கவசமாக நின்று ஊழியரைக் காக்கிறது. அப்படியானால் குற்றம் காரீயத்தின் மீதும் இல்லை. அதை எங்கே வைப்பது என்று தீர்மானித்த கையின் மீதே இருக்கிறது.

"அப்படியென்றால் மூலத்தை அறிவதில் ஒரு பயனுமில்லையா?" என்று வாசகர் கேட்கலாம். உண்டு. ஆனால் அது தரும் பாடம் வேறு. நம் உடலில் நாமே செய்த அணு ஒன்றுகூட இல்லை. நமக்கு முன்னே எரிந்து அடங்கிய நட்சத்திரங்கள் விட்டுச் சென்றதை நாம் சில காலம் வைத்திருக்கிறோம். பிறகு மண்ணுக்குத் திருப்பித் தருகிறோம். இது சொத்தன்று, அமானிதம். "இன்னாரிடமிருந்து வந்தேன், ஆகவே நான் பெரியவன்" என்பது ஆணவம். "இவ்வளவு பெற்றிருக்கிறேன், ஆகவே கடன்பட்டிருக்கிறேன்" என்பது நன்றி. செய்தி ஒன்றே; அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் மனிதனின் தரத்தைக் காட்டுகிறது.

நம் பெருமைக்கும் இதே உரைகல்தான். மேற்சொன்ன ஃபவுலருடன் 1983-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிந்து முடிந்த நட்சத்திரம் எவ்வளவு எடைவரை இடியாமல் தாங்கும் என்ற கணக்கை 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலே போட்டவர். 1935-ல் எடிங்டன் என்ற பேரறிஞர் அதைச் சபையிலே எள்ளி நகையாடினார். கணக்கோ நிலைத்தது. "அவர் நம்மவர்" என்று நாம் சொல்லிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கை நாம் போடவில்லை. நம் பிள்ளைகளின் கையிலே ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து உடன் அமர்ந்தால், அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் உரிமை வரும்.

ஆகவே, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று இனியும் கேட்போம், உறவு கொண்டாடக் கேட்போம். விடை வந்ததும் தராசைத் தூக்க வேண்டாம். வம்சம் என்று பார்த்தால் எதிரே நிற்பவரும் நாமும் ஒரே உலையின் மிச்சம். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் செயல் சொல்லட்டும், அதுவரை பொறுத்திருப்போம்.