யாருடைய நினைவு?

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்லும்போதெல்லாம், அண்மைக் காலமாக ஒரு பொய்யைச் சுமந்தே சென்று வருகின்றேன். சித்திரை வீதியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் நாற்பதாண்டு நண்பர். அவருடைய துணைவியாருக்கு ஆறாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்டது. குணமாயிற்று என்றிருந்த வேளையில், அது மூளைக்குப் பரவியிருப்பதை ஸ்கேன் படம் காட்டிற்று. அவரிடம் 'நரம்புத் தளர்ச்சி' என்றே சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் உண்மை அறியாதவர் அவர் ஒருவரே.

இரக்கத்தில் பிறந்த பொய் இது. இகழ மனம் வரவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்த காலத்தில், இந்நோயின் பெயரைச் சொல்வதே நாள் குறிப்பதற்கு ஒப்பாயிருந்தது.

இன்று நிலைமை ஒரே படித்தானதன்று. குருதிக்கும் மூளைக்கும் இடையே இயற்கை அமைத்த தடுப்பு, பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. 1998இல் வந்த டிராஸ்டுசுமாப், 'ஹெர்2' வகைக் கட்டிகளை உடலில் அடக்கிற்று. மூளைக்குள் எளிதில் நுழையவில்லை. 2020இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த டுகாட்டினிப் மூளையிலும் வேலை செய்கிறது. மூளைக்குப் பரவிய அவ்வகை நோயாளரிடையே நடந்த ஆய்வில், அதையும் சேர்த்துப் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 21.6 மாதம், பெறாதோருக்கு 12.5. இடைநிலை என்றால், பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்றே பொருள். வேறு வகைகளில் கணக்கு வேறு. சிலவற்றில் மிகக் கடுமை.

கட்டிகள் சிலவேயாயின் குறிவைத்துக் கதிர் பாய்ச்சலாம். மூளை முழுவதற்கும் கதிர் கொடுத்தால் நினைவாற்றல் மங்கக்கூடும். எதை ஏற்பது, எதை இழப்பது? எவருடைய நினைவைப் பணயம் வைக்கிறோமோ, அவரைக் கேளாமல் நாம் முடிவு செய்கிறோம். அறியாதிருக்க விரும்புவோரும் உளர்; அவ்விருப்பத்தையும் அவர் வாயால் அல்லவா அறிய வேண்டும்?

நம்மவர் வீடுகளும் விலக்கல்ல. வஸிய்யத்துச் செய்யவும், கடன் தீர்க்கவும், பொருத்தம் கேட்கவும் அவகாசம் வேண்டும் என்கிறோம். அந்த அவகாசத்தை நாமே ஒளித்து வைக்கிறோம்.

சென்ற வாரம் அந்த அம்மையார் கேட்டார்: "பாய், நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள். என் தலைக்குள் என்ன இருக்கிறது?"

நண்பர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாரிடமே கேளுங்கள், அம்மா. நானும் கூட இருக்கிறேன்" என்றேன்.

"அப்படியானால் ஏதோ இருக்கிறது" என்றார் அவர். கணவரை அருகே வந்து அமரச் சொன்னார்.