ஓடும் தோலும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவின் மலைப்பாறைகளில் கடல்நத்தையின் உயிர்ச்சுவட்டைத் தேடிப் பயனில்லை. வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய தொல்பாறைகள் அவை. ஆனால் பாக்குநீரிணைக்கு அப்பால், அரியலூர்ப் பகுதியின் பாறைப்படிவுகளில் 6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பழங்கடல் ஒன்று உறைந்து கிடக்கிறது. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா, இந்திய நிலவியல் அளவைத் துறைக்காக அப்பகுதி நத்தை ஓடுகளை வகைப்படுத்தி எழுதிய பெருநூல் 1867-68இல் வெளிவந்தது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியாகி அப்போது பத்தாண்டுகூட நிறையவில்லை.

உயிர்ச்சுவடுகளை வகைப்படுத்துவோருக்குள்ள இடர் யாது? உடல் அழிந்துவிட்டது, ஓடு மட்டுமே எஞ்சியுள்ளது. ஓடோ ஏமாற்றவல்லது. அலைமோதும் பாறையில் ஒட்டி வாழும் நத்தைகள் பலவற்றுக்குத் தொப்பி போன்ற ஓடு உண்டு. அவற்றுள் செவுளால் சுவாசிக்கும் ஒரு கிளையும் உண்டு. காற்றைச் சுவாசிக்கவல்ல, தரை நத்தைகளுக்கு நெருங்கிய மற்றொரு கிளையும் உண்டு. ஒரே வகை வாழ்க்கை நெருக்கடி, இரு வேறு கிளைகளுக்கும் ஒரே சட்டையை அணிவித்துவிட்டது. உருவ ஒற்றுமை உறவாகிவிடாது.

அப்படியானால் வகைப்பாடு வெறும் கற்பனையா? அன்று. உறவு இயற்கையில் உள்ளது. அறைகளை அமைப்பவர் நாம். பொது மூதாதை வாழ்ந்தது மெய். அதன் வழித்தோன்றல்களுக்கு நாம் இடும் பெயரும் எல்லையும் சான்றுக்குக் கட்டுப்பட்டவை. நெடுங்காலம் பாடநூல்களில் நிலைபெற்றிருந்த ‘முன்செவுளிகள்’ என்னும் பெரும்பிரிவை, உடலின் உட்கூறுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கைவிட்டனர். அதனால் விஞ்ஞானத்தின் கௌரவம் குலையவில்லை, உயர்ந்தது.

1758இல் லின்னேயஸ் தமது பெருநூலின் பத்தாம் பதிப்பில் நத்தைகளைப் புழுக்களுடன் சேர்த்தார். அதே நூலில் மனிதரைக் கண்டத்தாலும் நிறத்தாலும் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தையும் எழுதிவைத்தார். முதற் பிழை திருத்தப்பட்டுவிட்டது. இரண்டாவதை விஞ்ஞானம் மறுத்த பின்னரும் சமுதாயம் விட்டபாடில்லை. ஏன்? நத்தையின் அறையால் எவருக்கும் ஆதாயமில்லை. மனிதரை அறைகளில் அடைத்தாலோ கூலியைக் குறைக்கலாம், கோயிற் கதவை அடைக்கலாம், நிலத்தைப் பறிக்கலாம்.

சமத்துவத்தை நாம் நத்தையிடமிருந்து பெற வேண்டியதில்லை. அது மனிதர் போராடி நிலைநாட்டும் அறம். ஆயினும் சாதிக்கும் இனபேதத்துக்கும் இயற்கையைச் சாட்சிக்கு அழைப்போரிடம் நாம் ஒன்று கேட்போம்: எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் பிரிவினையைக் கைவிடுவீர்கள்? அதற்கு விடையில்லையேல், அவர்கள் பேசுவது அறிவன்று, அதிகாரம்.