இரசமும் இரத்தமும்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் படரவிட்ட பந்தல்களின் அடியில் குனிந்து நடப்பவர் தலையில் முட்டுமாறு தொங்கும் பன்னீர்த் திராட்சையை, 1832-ஆம் ஆண்டில் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பர். திராட்சை இரசமின்றித் திவ்விய பலிபூசை நிறைவேறாது என்பது அவருடைய திருச்சபையின் நியதி. கத்தோலிக்கருக்கும் ஏனைய கிறிஸ்தவர்க்கும் உள்ள பேதம் யாது என்று பிள்ளைகள் கேட்கும்போது, சுரூபங்களையும் ஜெபமாலையையும் காட்டும் வழக்கமான விடையை விட்டு, இந்தக் குலையிலிருந்தே தொடங்குவது எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது.

இராயப்பன்பட்டிப் பனிமய மாதா கோயிலில் குரு கோப்பையை ஏந்தி, கிறிஸ்து கடைசி இரவில் மொழிந்த வார்த்தைகளைச் சொல்லும்போது, நிறமும் மணமும் சுவையும் முன்போலவே நிற்க, உட்பொருள் மட்டும் அவருடைய இரத்தமாகிவிடுகிறது என்பது கத்தோலிக்க விசுவாசம்; 1551-இல் திரெந்து சங்கம் இதனை ஐயத்துக்கிடமின்றி வரையறுத்தது. மாறியது மாறியதே ஆதலால், பூசை முடிந்து எஞ்சும் நற்கருணை அப்பத்தைப் பேழையில் வைத்துப் பூட்டி, அருகில் அணையா விளக்கு ஏற்றிவைக்கிறார்கள். களையெடுத்துத் திரும்பும் ஒரு பெண், பூசையும் பாட்டும் இல்லாத நடுப்பகலில் உள்ளே வந்து, தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு, மண் ஒட்டிய முழங்காலை அந்தச் சிறு வெளிச்சத்துக்கு நேரே ஊன்றுகிறாளே, அவள் வெற்றறையை வணங்கவில்லை.

1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் கொணர்ந்த மரபிலோ இரசம் இரசமே. அதனைப் பருகும் சபையாரின் விசுவாசத்திலும் ஐக்கியத்திலுமே கிறிஸ்து பிரசன்னமாகிறார். சீர்திருத்தம் செய்தவர்களும் இதில் ஒருமனப்பட்டவர்களல்லர் என்பதை மறத்தலாகாது: 1529-இல் மார்பர்க் நகரில் லூத்தரும் சுவிங்கிலியும் ஏனையவற்றிலெல்லாம் இணங்கியும், இந்த ஒன்றில் இணங்காது பிரிந்தனர். பெந்தெகோஸ்தே சபையாரின் பேதம் கோப்பையிலன்றித் தண்ணீரில் தொடங்குவது. குழந்தையின் தலையில் வார்த்த நீரை அவர்கள் ஞானஸ்நானமாகக் கொள்வதில்லை.

பொருள் மெய்யாகவே மாறுமெனின், மாற்றும் அதிகாரம் யார் கைக்கு உரியது என்ற வினாவும் உடன் எழும். அப்போஸ்தலர் வழிவழியாக அபிஷேகம் பெற்ற கைக்கே என்றும், அவ்வழியின் தலைமை, கத்தோலிக்கர் இராயப்பர் என்று வழங்கிவந்த பேதுருவின் ஸ்தானத்தில் உள்ளது என்றும் ரோமாபுரி விடை கூறும். ஆங்கிலிக்கன் குருப்பட்டம் செல்லாது என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1896-இல் தீர்ப்பளித்ததற்கும் இதுவே காரணம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தபோது, பேராயர்களே இல்லாத பிரஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்த லெஸ்லி நியூபிகின் மதுரை-இராமநாதபுரத்தின் முதற் பேராயராக அபிஷேகம் பெற்றதை, பிரிந்தவர்கள் கூடிவந்த பெருநிகழ்ச்சியாகவே நான் மதிக்கிறேன். எனினும் அந்தக் கூடுதலும் ரோமாபுரியின் வாசலுக்கு இப்பால் நின்றுவிட்டது.

அந்த வாசல் எங்கள் வீட்டுத் திருமணத்திலும் குறுக்கிட்டது. தங்கையின் திருமணப் பூசையில், நற்கருணை வழங்கும் வேளை வந்ததும் எங்கள் பக்கத்தார் வரிசையாக எழுந்து போக, சி.எஸ்.ஐ. சபையாராகிய மாப்பிள்ளை வீட்டார் இருந்த இடத்திலேயே இருந்தனர். தம் திருவிருந்துக்குப் பிற சபையாரையும் அழைக்கும் பழக்கமுடைய அவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்றெண்ணி அன்று நான் கூசினேன். எங்கள் சபையின் கடுமையை உள்ளூர நொந்துகொண்டேன். இப்போது அவ்வாறு எண்ணுவதற்கில்லை. நற்கருணையைப் பெறுகிறவர் சொல்லும் ‘ஆமென்’, உட்பொருள் மாறியது மெய் என்னும் சம்மதமாதலின், அச்சம்மதம் இல்லாதவர் அதைச் சொல்லாதிருத்தலும் சத்தியமே. விருந்தினர் என்பதற்காக அதைச் சொல்லச் செய்வது அவர்களுடைய விசுவாசத்துக்கும் எங்களுடையதற்கும் அவமரியாதையாகும். ஆயினும் வலி வலிதான். மாப்பிள்ளையின் அத்தை, தமக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்கள் நடைபாதைக்குச் செல்வதற்காகத் தம் முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்; அவர்கள் கைகூப்பித் திரும்பி வந்தபோது, மடியிலிருந்த பாமாலைப் புத்தகத்தைப் பிடித்தபடியே மறுபடியும் ஒதுக்கிக்கொண்டார்.