இரண்டு படகில் கால்

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். கார் நம்பர் பிளேட்டில் 'பத்தாயிரம் ஏரிகள்' என்று போட்டுக்கொள்வார்கள். அடக்கமாகச் சொன்னது. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. பதிவு செய்த படகுகள் எட்டு லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒரு படகு. நமக்கு டூவீலர் மாதிரி அவர்களுக்குப் படகு. மே மாதத்தில் மீன்பிடி சீசன் துவங்கும் சனிக்கிழமை அங்கே கிட்டத்தட்ட ஒரு பண்டிகை.

அந்த ஊரில் ஒருத்தர் ரிடையர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. சின்னதாக, அலுமினியத்தில் ஒரு மீன்பிடி படகு. பின்னால் மாட்ட ஒரு அவுட்போர்டு மோட்டார். பெரிய ஆசை இல்லை. ஆனால், கடைக்குள் கால் வைத்ததும் தத்துவம் ஆரம்பித்துவிடுகிறது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். படகின் பின்புறம் கழற்றி மாட்டும் மோட்டாரை ஊரறிய விற்றவர் ஓலே எவின்ரூட். மில்வாக்கிக்காரர். ஒரு கோடை நாளில் காதலிக்கு ஐஸ்க்ரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அந்தக் கடுப்பில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். 1909ல் விற்பனைக்கு வந்தது. 2020ல் அந்தப் பெயரில் மோட்டார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அலுமினியம் வந்தது போருக்குப் பிறகு. போர் விமானங்கள் செய்துகொண்டிருந்த க்ரம்மன் கம்பெனி 1945ல் அலுமினியக் கனூ விற்க ஆரம்பித்தது. விமானத்துக்குப் பழகிய தகடும் ரிவிட்டும் ஏரிக்கு வந்தன. தொடர்ந்து மின்னசோட்டாவிலேயே அலுமினியப் படகுக் கம்பெனிகள் முளைத்தன.

நம்ம ரிடையர்டு ஆசாமிக்கு வருவோம். அவர் முன்னால் இரண்டு படகுகள். ஒன்று 14 அடி, அடிப்பாகம் தட்டை. ஜான் போட் என்பார்கள். முழங்கால் தண்ணீரிலும் போகும். எழுந்து நின்று தூண்டில் வீசலாம், சுலபத்தில் ஆடாது. சின்ன மோட்டார் போதும். ஆனால், அலை வந்தால் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் அறையும். இன்னொன்று 16 அடி, அடிப்பாகம் கத்தி போல 'வி' வடிவம். அலையைக் கிழித்துக்கொண்டு போகும். பெரிய ஏரிக்கு ஏற்றது. ஆனால் ஆழம் வேண்டும், குதிரைசக்தி வேண்டும், பணமும் வேண்டும்.

அலையில் சொகுசு, ஆழமில்லாத தண்ணீரில் சுலபம். இந்த இரண்டையும் முழுசாகக் கொடுக்கும் அடிப்பாகத்தை இதுவரை யாரும் செய்யவில்லை. கெட்டிக்காரத்தனம் போதாமல் இல்லை. தண்ணீரின் குணம் அப்படி. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

இதோடு விட்டால் பரவாயில்லை. ரிவிட்டா, வெல்டிங்கா? ரிவிட் வருஷக்கணக்கில் குலுங்கிக் கசியலாம், ஆனால் மாற்றுவது சுலபம். வெல்டிங் கசியாது, ஆனால் விரிசல் விட்டால் வைத்தியம் கஷ்டம். பின்னால் உட்கார்ந்து கையால் மோட்டாரைத் திருப்புவதா, ஸ்டீயரிங் வைப்பதா? மனிதர் கேட்லாக் சேர்க்கிறார். நண்பர்களைக் கேட்கிறார். ஆளுக்கொரு சத்தியம் சொல்கிறார்கள். மே வருகிறது, போகிறது. "இந்த வருஷமும் கரையிலேருந்தே தூண்டில் போடுங்க" என்கிறாள் மனைவி.

சிரிக்காதீர்கள். ஃபிரிட்ஜ் வாங்க நாம் எத்தனை கடை ஏறி இறங்கினோம்?

எட்வர்ட் ஃப்ரெட்கின் என்று ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி. அவர் சொன்ன ஒரு விநோதத்தை மார்வின் மின்ஸ்கி 1986ல் தன் புத்தகத்தில் பதிவு செய்தார். விஷயம் இதுதான்: இரண்டு பொருள்கள் எவ்வளவுக்கெவ்வளவு சமமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குத் தேர்வு செய்வது கஷ்டம். ஆனால் அவ்வளவுக்கு அந்தத் தேர்வு முக்கியமும் இல்லை. எதை எடுத்தாலும் ஒன்றுதானே! அதாவது, வித்தியாசம் மிகக் குறைவான இடத்தில்தான் நாம் மிக அதிக நேரம் செலவழிக்கிறோம். பூவா தலையா போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஹெர்பர்ட் சைமனும் இதற்குப் பக்கத்து வீடுதான். 1978ல் பொருளாதார நோபல் வாங்கியவர். மனிதனால் 'ஆகச் சிறந்ததை'த் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கான நேரமும் மூளையும் அவனிடம் இல்லை; 'போதுமானது' எது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதைத் தாண்டும் முதல் பொருளை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

நல்ல யோசனை. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. தடுமாற்றம் எல்லாமே 'சமம்' என்பதால்தான் வருகிறதா?

இங்கேதான் ரூத் சாங் வருகிறார். ஆக்ஸ்போர்டு பேராசிரியை. சட்டமா தத்துவமா என்று தடுமாறி, முதலில் வக்கீலாகி, அப்புறம் தத்துவத்துக்கு வந்தவர். தடுமாற்றம் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. அவர் எடுத்துக்காட்டும் ஒரு சோதனை எளிமையானது. ஒரு பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.

கடைக்காரர், "சார், 14 அடி எடுத்தா ஒரு ஜோடி துடுப்பு ஃப்ரீ" என்கிறார். உடனே, "சரி, அதையே கட்டுங்க" என்று தோன்றினால், இரண்டும் உங்களுக்குச் சமமாகத்தான் இருந்திருக்கின்றன. இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது வீண். ஃப்ரெட்கின் ஜெயித்தார். ஆனால், துடுப்பு கொடுத்த பிறகும் அதே தவிப்பு இருந்தால்? அப்போது அவை சமம் இல்லை. சமமாக இருந்திருந்தால் ஒரு ஜோடி துடுப்பே தராசைச் சாய்த்திருக்கும். அவை வேறு வேறு ஜாதி நன்மைகள். ஒரே தராசில் நிற்காது.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். பையனுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று உள்ளூரில், அப்பா அம்மாவோடு. இன்னொன்று வெளியூரில், பெரிய கம்பெனி. உள்ளூர்க்காரர் சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டுகிறார். அப்படியும் முடிவு வரவில்லை என்றால், சம்பளம் பற்றி இனிமேல் கணக்குப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. கேள்வி வேறு.

என்ன கேள்வி? எது சிறந்தது என்பதல்ல, 'நான் யாராக இருக்கப்போகிறேன்' என்பது. தட்டைப் படகு எடுக்கிறவர் விடியற்காலையில் தனியாக, நாணல் ஓரமாக, சத்தமில்லாமல் மீன் பிடிக்கப்போகிறவர். 'வி' படகு எடுக்கிறவர் பேரனையும் நண்பனையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஏரிக்குப் போகிறவர். எந்த கேட்லாக்கிலும் இதற்குப் பதில் இல்லை. காரணங்கள் தீர்ந்துபோன இடத்தில், 'நான் இந்தப் பக்கம்' என்று நின்று காரணத்தை நாமே உண்டாக்குகிறோம் என்கிறார் சாங். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கையோடு. நாம் கற்பனை செய்துகொள்ளும் 'நான்' பெரும்பாலும் ஒரு புளுகன். வருஷத்துக்கு ஒரு தரம் வரும் பேரனுக்காகப் பெரிய படகு வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் தனியாக அதைத் தள்ளமுடியாமல் ஷெட்டில் விட்டுவைப்பான். போன வருஷம் எத்தனை நாள், யாரோடு போனோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் புளுகு பலிக்காது.

ஆனால் இந்த விவகாரத்தில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அது தட்டையிலும் இல்லை, 'வி'யிலும் இல்லை.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்க வேண்டும். 1972லிருந்து சட்டம். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைசக்தி, அவ்வளவுதான் அதில் இருக்கும். வாங்கும்போது யாரும் அதன் முன்னால் நின்று ஆறு மாதம் யோசிப்பதில்லை. லைஃப் ஜாக்கெட்டும் அப்படித்தான். அமெரிக்கக் கடலோரக் காவல் படை வருஷாவருஷம் கணக்கு எடுக்கிறது. படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். பெரும்பாலானவர்கள் இறந்தது இதுமாதிரி சின்னப் படகுகளில். மின்னசோட்டாவில் மில் லாக்ஸ் என்ற ஏரி சுமார் 200 சதுர மைல், ஆழமோ 45 அடிகூடக் கிடையாது. காற்று எழுந்தால் கிடுகிடுவென அலை கட்டிவிடும். அந்த நேரத்தில் ரிவிட்டா வெல்டிங்கா என்பது அற்ப விஷயம். மூன்று பேர் தகட்டில் நான்காவது ஆளை ஏற்றினோமா என்பதுதான் விஷயம்.

இது ஏன் மறந்துபோகிறது? தேர்வு இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். லைஃப் ஜாக்கெட் போட வேண்டுமா வேண்டாமா என்று வாதாட இரண்டு பக்கம் இல்லை. வாதம் இல்லாத இடத்தில் மனசுக்கு சுவாரஸ்யம் இல்லை. சுவாரஸ்யம் இல்லாத கடமை காதில் விழுவதில்லை. கல்யாண மண்டபம் எது என்று மூன்று மாதம் சண்டை போட்டுவிட்டு, பொண்ணும் பையனும் பத்து நிமிஷம் தனியாகப் பேசினார்களா என்று கேட்க மறந்துவிடுகிற மாதிரி.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். வாதமே தேவையில்லாத விஷயங்களை முதலில் முடியுங்கள். அப்புறம் துடுப்பு சோதனை. சமம் என்று தெரிந்தால் காசைச் சுண்டுங்கள். சமம் இல்லை என்றால் ஒரு பக்கம் நில்லுங்கள். நின்ற பிறகு மற்ற படகின் கேட்லாக்கைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள். வீட்டில் வைத்திருந்தால் ராத்திரி எடுத்துப் படிக்கத் தோன்றும்.