கைக்கு முன்னால் ஓடும் கண்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்குமல்லவா? அதற்குள் காலேஜ் நாட்களில் எழுதிய கவிதை நோட்டு, வாட்டர் கலரில் வரைந்த சூரிய அஸ்தமனம், எம்பிராய்டரி போட்ட தலையணை உறை என்று ஏதாவது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்துப் பாருங்கள்.

பார்த்ததும், 'அடடா, அப்பவே என்ன பிரமாதமா பண்ணியிருக்கேன்!' என்று தோன்றுகிறதா? இல்லை, வீட்டில் வேறு யாராவது பார்ப்பதற்குள் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம் போலக் கூச்சமாக இருக்கிறதா?

கூச்சமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். பிரமாதமாகத் தெரிந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காரணம் சொல்கிறேன்.

நாம் வளர்ந்திருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உயரம் என்றால் சுவரில் பென்சில் கோடு போட்டுப் பார்க்கலாம். எடைக்கு மெஷின் இருக்கிறது. சம்பளத்துக்கு பே ஸ்லிப். ஆனால் ஒரு வேலையில், ஒரு கலையில் வளர்ந்திருக்கிறோமா என்பதை எதை வைத்து அளப்பது? அளக்கிற ஸ்கேலும் நாம்தான், அளக்கப்படுகிற பொருளும் நாம்தான். பொருள் வளர வளர ஸ்கேலும் கூடவே வளர்கிறது. சில சமயம் பொருளைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

நண்பர் ஒருவரின் மகள் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். மூன்றாம் வருஷம். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் வரைந்த வேலைகளோடு, தன்னைத் தானே மதிப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். 'இந்த ஆறு மாதத்தில் என்ன கற்றுக்கொண்டாய்? எவ்வளவு முன்னேறியிருக்கிறாய்?' பரீட்சையில் வரும் எந்தக் கேள்வியையும்விடக் கஷ்டமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவள் எழுதியிருந்தது இரண்டே வரி: 'முதல் வருஷம் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இப்போது ஒன்றுமே தெரியவில்லை.'

நண்பர் கலங்கிப்போனார். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டியவர். "நீங்களே பாருங்க சார்" என்று இரண்டு போஸ்டர்களை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

முதலாவது, அவள் முதல் வருஷத்தில் செய்தது. தண்ணீர் சேமிப்பு பற்றி. இரண்டு கைகள் பூமியை ஏந்தியிருக்க, மேலிருந்து ஒரு பெரிய நீர்த்துளி. எழுத்துகளுக்கு நிழல், நிழலுக்கு ஒரு நிழல். ஐந்து விதமான ஃபாண்ட், வானவில்லில் இருக்கிற அத்தனை நிறமும். இரண்டாவது இந்த செமஸ்டர் வேலை. ஒரு பஸ் ஸ்டாப்பில் ஒட்டுவதற்கான நேர அட்டவணை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீலப் பட்டை.

"இதுல என்னம்மா டிசைன் இருக்கு? வெறும் டேபிள்தானே! அந்த போஸ்டரைப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டி வெச்சிருக்கணும்" என்றார் நண்பர். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

உங்களுக்கு இந்த ரூபாய்ச் சின்னம் ஞாபகம் இருக்கும். 2010 ஜூலையில் மத்திய அரசு ₹ என்ற குறியீட்டை அறிவித்தபோது டீக்கடைகளில் கேட்ட கமென்ட் என்ன? "இவ்ளோதானா? இதை நானே போட்டிருப்பேனே!" தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் கலந்த உருவம், மேலே இரண்டு கோடு. அவ்வளவுதான். ஆனால் அதை வரைந்த தமிழரான உதயகுமார் சென்னையில் கட்டடக் கலை படித்து, பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைன் படித்து, படிக்கும்போதே 'பராசக்தி' என்று ஒரு தமிழ் ஃபாண்ட் உருவாக்கி, அதற்கும் மேல் தமிழ் எழுத்து வடிவங்கள் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அத்தனை வருஷப் படிப்பும் கடைசியில் எதில் போய் முடிகிறது? 'நானே போட்டிருப்பேன்' என்று யாரும் நினைக்கிற அளவுக்கு எளிமையான ஒன்றில். கற்றுக்கொண்டவர்களின் வேலையில் கற்றது வெளியே தெரிவதில்லை. கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்களின் வேலையில்தான் தெரிந்த வித்தையெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஒண்ணும் தெரியலைங்கிறியே, இந்த அட்டவணையில என்ன சரியில்லைன்னு விரல் வெச்சுக் காட்ட முடியுமா?"

காட்டினாள். மூச்சுவிடாமல் காட்டினாள். "தமிழ் எழுத்துல கொம்பும் சுழியும் மேலயும் கீழயும் போகும் அங்கிள். இங்கிலீஷுக்கு விடற மாதிரி வரிக்கு வரி இடைவெளி விட்டா இடிக்கும். இங்க இடிக்குது பாருங்க. 'திருவல்லிக்கேணி' இந்தக் கட்டத்துல அடங்கலை, அதனால எழுத்தைக் குறுக்கினேன். குறுக்கினதும் அந்த ஊர் மட்டும் இளைச்ச மாதிரி இருக்கு. வெயில்ல ஒட்டப் போறது, சிவப்பு சீக்கிரம் வெளுத்துடும்னு நீலம் போட்டேன். ஆனா ராத்திரி சோடியம் லைட்ல நீலம் கறுப்பாத் தெரியுது..." இப்படிப் பதினோரு குறைகள். எண்ணிக்கொண்டே வந்தேன்.

"சரி, அந்தத் தண்ணீர் போஸ்டர் போட்ட அன்னிக்கு அதுல எத்தனை குறை தெரிஞ்சுது?"

"ஒண்ணுகூடத் தெரியலை."

"இதைத்தாம்மா அந்தப் பக்கத்துல எழுதணும்" என்றேன்.

கவனியுங்கள். 'எல்லாமே மோசம்' என்று சொல்வது ஒரு மனநிலை. மழை பெய்தால் வரும், தூக்கம் கெட்டால் வரும், பக்கத்து வீட்டுப் பையனுக்கு நல்ல வேலை கிடைத்தால் நிச்சயம் வரும். 'இந்த இடத்தில் இது மோசம், இதனால் மோசம்' என்று சொல்வது அறிவு. இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே வாட்டமான முகம்தான். அதனால்தான் வளர்கிற பல பேர், தாங்கள் தேய்ந்துகொண்டிருப்பதாக நினைத்துப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கை மெதுவாகப் பழகுகிறது. கண் வேகமாகப் பழகிவிடுகிறது. கண் முன்னால் ஓடி நின்று, திரும்பிப் பார்த்து, 'இன்னும் வரலையா?' என்று கையைக் கேட்கிறது. அந்தக் கேள்விதான் வலிக்கிறது.

சரி, கண்ணுக்கு இப்படி என்னதான் கற்றுத்தருகிறார்கள்?

ஜெர்மனியில் 1919-ல் தொடங்கி 1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் மூடப்பட்ட பௌஹவுஸ் என்ற பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் யோசஃப் ஆல்பர்ஸ். பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பல வருஷம் பாடம் நடத்தினார். பெயின்ட் வேண்டாம், கலர் பேப்பர் போதும் என்பார். ஒரே தாளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை இருண்ட நிறத்தின் மேலும் மற்றதை வெளிர் நிறத்தின் மேலும் வைக்கச் சொல்வார். ஒரே தாள்தான், ஆனால் இரண்டு வேறு நிறமாகத் தெரியும். தெரிந்த பிறகும் நம்ப முடியாது. இந்தப் பயிற்சிகளை 1963-ல் புத்தகமாகப் போட்டார். இன்றும் டிசைன் கல்லூரிகளில் மாணவர்கள் கத்திரிக்கோலோடு உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். ஆல்பர்ஸோ 1950-ல், 62 வயதில், சதுரத்துக்குள் சதுரம் வரைய ஆரம்பித்து, 1976-ல் இறக்கும்வரை அதையே வரைந்துகொண்டிருந்தார்.

வண்ணப் பாடம் என்றுதான் பெயர். உண்மையில் அது அடக்கத்தில் ஒரு பாடம். 'நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்' என்று கோர்ட்டில் சத்தியம் செய்கிறோமே, அந்தக் கண்ணைத்தான் சந்தேகப்படக் கற்றுத்தருகிறார்கள். எனக்கு இப்படித் தெரிகிறது, இன்னொருவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி வந்த இடத்தில் ஓவியப் பாடம் முடிந்து, ஒழுக்கப் பாடம் தொடங்கிவிடுகிறது.

மிகையாகச் சொல்வதாக நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தலுக்குப் போவோம். ஃபுளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்றொரு மாவட்டம். வயதானவர்கள் நிறைய வசிக்கும் பகுதி. அவர்கள் சிரமமில்லாமல் படிக்கட்டும் என்று, மாவட்டத் தேர்தல் அதிகாரி வாக்குச் சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதும் வேட்பாளர்களின் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. இடப் பக்கம் பாதி, வலப் பக்கம் பாதி என்று பிரித்து, துளையிடும் இடங்களை நடுவில் வைத்தார்கள். இடப் பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை, வலப் பக்கத்தில் முதலில் இருந்த வேறொரு வேட்பாளருக்கு! கோருக்கு மூன்றாவது துளை. குழம்பிப்போன பலர் தவறான துளையைக் குத்தினார்கள். சிலர் சந்தேகத்துக்கு இரண்டையும் குத்தினார்கள். ஒன்றுக்கு மேல் குத்தியதால் அந்த மாவட்டத்தில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாமல் போயின. மொத்த மாநிலத்திலும் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 வாக்கு. அதை வைத்துத்தான் அதிபர் பதவியே முடிவானது.

அந்த அதிகாரி கெட்டவரா? இல்லை. நல்ல மனசோடுதான் எழுத்தைப் பெரிதாக்கினார். ஆனால் நல்ல மனசு தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. எழுந்து போய், கைநடுக்கத்தோடு அவசரமாக ஓட்டுப் போட வருகிற ஒரு பாட்டியின் இடத்தில் நின்று பார்க்கவில்லை. 'நான் நல்லதுதானே நினைச்சேன்' என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்? பிள்ளைகளிடம், மருமகளிடம், ஆபீஸில் நமக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம்? நினைத்தது நல்லதாக இருக்கலாம். அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னவாக இருந்தது என்று திரும்பிப் பார்ப்பது தனி வேலை. அந்த வேலையை நம்மில் பலர் செய்வதே இல்லை.

அந்தப் பெண் செய்திருந்தாள். அட்டவணையின் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ராத்திரி எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறாள். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, கடைசி பஸ்ஸு போயிடுச்சா இல்லையா?"

அட்டவணையில் கடைசி பஸ்ஸின் நேரம் எங்கே இருந்தது? கடைசி வரிசையில், ஓரத்தில், இருப்பதிலேயே பொடி எழுத்தில். நேர வரிசைப்படி அதுதான் சரி. பகலில் வருகிறவர்களுக்கு ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ். கடைசி பஸ்ஸை விட்டவர்களுக்கு அன்றைய வியாபாரத்தில் பாதி ஆட்டோவுக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்து தாளைப் புரட்டிப் போட்டாள். கடைசி பஸ் நேரம் உச்சிக்குப் போனது, பெரிதாக, நீலப் பட்டையில். நண்பருக்கு 'வெறும் டேபிள்' ஆகத் தெரிந்தது இதுதான். இதைக் கேட்டதும் அவர் அந்தத் தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். நியாயமான கேள்வி. "இப்ப ஏ.ஐ.கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல இருபது போஸ்டர் போட்டுத் தருது அங்கிள். அப்புறம் நான் எதுக்கு மூணு வருஷம் உட்கார்ந்து கோடு இழுத்தேன்?"

இதற்குப் பூசி மெழுகிப் பதில் சொல்லக் கூடாது. கையால் செய்கிற வேலைகளில் பலவற்றை மெஷின் எடுத்துக்கொள்ளும். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் இருபதில் எது அந்தப் பூக்காரம்மாவுக்கு உதவும் என்று பொறுக்க வேண்டும். இருபதுமே உதவாது என்றால், அதைத் தைரியமாகச் சொல்லவும் வேண்டும். அதற்கு வேண்டிய கண், கோடு இழுத்து, அழித்து, திரும்ப இழுத்த நேரத்தில்தான் திறந்தது. தானாகச் சமைக்கிற பாத்திரம் வரலாம். உப்பு சரியா என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்குக்கு யார் யார் இந்தப் பந்தியில் சாப்பிடப் போகிறார்கள், அதில் யாருக்கு ரத்தக்கொதிப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டிசைன் படிப்பவர்களுக்கு மட்டும் சொன்னதாக நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்களும் தினமும் எதையோ செய்து இன்னொருவர் கையில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்பார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அறிவிப்பு, ஊரிலிருந்து வருபவருக்குப் போனில் சொல்லும் வழி, அம்மாவின் மாத்திரை டப்பாவில் எழுதி ஒட்டுகிற 'காலை - மாலை'. இந்த வாரம் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உரியவர் கையில் கொடுத்துவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல், இரண்டு நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். அவர் கண் எங்கே தடுமாறுகிறது, விரல் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

வாயைத் திறந்து, "அது வந்து, நான் என்ன நினைச்சேன்னா..." என்று ஆரம்பிக்கத் தோன்றும். அந்த இரண்டு நிமிஷம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.