வரவு செலவு அழிந்த கணக்கு

இண்டூர் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி, ராத்திரியில் ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸ் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் மூன்று சர்வர்களோடு நான்காவதைச் சேர்க்கும்போதெல்லாம் எனக்கு வினைக்கொள்கை ஞாபகம் வரும்.

புது சர்வர், அதாவது நோடு, வெறுமையாக வருகிறது. மூன்று நோடு இருந்தால், இரண்டு ஒப்புக்கொண்டாலே ஒரு பதிவு உறுதியாகும். நான்கானால் மூன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றும் அறியாத புதிதுக்கு உடனே ஓட்டு கொடுத்துவிட்டால், பழையதில் ஒன்று படுத்தாலும் வேலை நின்றுபோகும். நோடுகள் இப்படி ஒப்புக்கொள்வதற்கான ராஃப்ட் முறையை வகுத்த ஒங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-லேயே இதற்கு வழி சொன்னார்கள்: எட்டிப் பிடிக்கும்வரை புதியவருக்கு ஓட்டு இல்லை. அம்முறையில் ஓடும் எட்சிடி டேட்டாபேஸ் 2019-இல் தன் 3.4 பதிப்பில் இந்த நிலைக்கு 'லேர்னர்' என்று பெயர் வைத்தது.

அது எட்டிப் பிடிப்பது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆதியிலிருந்து நடந்ததெல்லாம் அதற்குக் கிடைப்பதில்லை. நடந்ததை வரிசையாகக் குறித்த பழைய லாக்கை இடம் போதாது என்று எப்போதோ அழித்திருப்போம். இன்றைய நிலையைச் சொல்லும் ஸ்நாப்ஷாட் மட்டும் வரும். அதற்குப் பின் நடப்பவை வரிசை மாறாமல் வந்து சேரும்.

முற்பிறவிகளின் வினையும் இப்படித்தான் சேர்ந்து கிடக்கிறது; சைவ சித்தாந்தத்தில் அதற்குச் சஞ்சிதம் என்று பெயர். செய்தது நினைவில்லாதபோது பலன் மட்டும் எப்படித் தொடரும் என்று பலர் கேட்பார்கள். தொடர முடியும், புது நோடில் தொடர்வதைப் போல; நினைவு வேறு, விளைவு வேறு. அதுவரை எனக்கு மறுப்பில்லை.

ஆனால் எங்கள் தெருவில் நடக்க முடியாத ஒரு பையனைப் பார்த்து, "போன ஜென்மத்துல என்ன பண்ணுச்சோ" என்கிறார் பெரியம்மா. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்நாப்ஷாட்டில் ஒருவர் பெயருக்கு நேரே 3,500 ரூபாய் என்று இருக்கும். பால் ஊற்றிச் சேர்த்ததா, கன்றுக்குட்டி விற்றதா, கடன் வாங்கிப் போட்டதா? எந்த வழியில் வந்தாலும் அதே 3,500தான். அந்த எண்ணை வைத்து வழியைச் சொல்ல எந்த இன்ஜினியராலும் முடியாது. பெரியம்மா எந்த லாக்கைப் படித்துவிட்டுப் பேசுகிறார்? ஏழையாகவும் தாழ்த்தப்பட்டும் பிறந்தவர்களைப் பார்த்து முன்வினை என்று சொன்னவர்களும் இல்லாத ஏட்டைத்தான் வாசித்தார்கள்.

வினை சடம், தானாக வந்து ஒட்டாது, பலனைக் கூட்டுவிப்பவன் சிவனே என்பது சித்தாந்தம். அந்தக் கணக்கைப் பார்க்கும் வேலை தெருக்காரர்களுக்கு இல்லை. பையனைப் பயிற்சிக்குத் தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரியம்மாவிடம் நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.